அமெரிக்கப் பாடகர் ராய் ஆர்பிசன் பாட்டுகளில் உங்களை இன்னும் விடாதது எது?

பனிப்பாதை:

டிசம்பர் மாதம், டென்னசி. நாஷ்வில்லில் வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு கேஸ் ஸ்டேஷன். இரவு பதினொன்றரை இருக்கும். வண்டியில் பெட்ரோல் நாசிலைச் செருகிவிட்டு, குளிருக்குக் கைகளை அக்குளில் வைத்துக்கொண்டு நின்றேன். மேலே கூரை ஸ்பீக்கரில் ‘இன் ட்ரீம்ஸ்’ ஆரம்பித்தது.

பாட்டைப் பற்றி இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. பல்லவிக்குத் திரும்பவே மாட்டார். முணுமுணுப்பாகத் தொடங்கி, தூங்கி, கனவில் அவளோடு பேசி, விடியும்போது அவள் இல்லை என்று தெரிந்துகொள்வதற்குள் மூன்று நிமிடம்கூட ஆகியிருக்காது. ஒருமுறை பாடிய மெட்டு திரும்ப வராது. 1963-ல் இப்படி ஒரு பாட்டை வானொலியில் போட்டிருக்கிறார்கள்!

எதிர்ப் பம்பில் எழுபது வயதிருக்கும் ஒருவர், பழைய பிக்கப் வண்டி. அவர் டேங்க் நிரம்பி ‘டக்’ என்று நின்றுவிட்டது. அவர் நாசிலை எடுக்கவில்லை. கடைசியில் குரல் மேலே ஏறும் இடம் வந்தபோது தலையை நிமிர்த்தி, வாயை முழுக்கத் திறந்தார். சத்தம் வரவில்லை. வெறும் வாய்தான். புகை மாதிரி மூச்சு மட்டும் வெளியே வந்தது. பாட்டு முடிந்ததும் நாசிலை மாட்டிவிட்டு, என் பக்கம் பார்க்காமல் போய்விட்டார்.

ஆறு வருடமாகிறது. ஒரு ‘ஹலோ’வாவது சொல்லியிருக்கலாமோ என்று இன்னும் தோன்றுகிறது. உங்களுடையது?

கணக்குப்பிள்ளை:

என் கதை அவமானக் கதை. பெங்களூர், ஆபீஸ் பார்ட்டி. ‘ஓ, ப்ரிட்டி உமன்’ ஓடியது. நான் சும்மா இருந்திருக்கலாம். ‘இது 2003-ல் வந்த ‘கல் ஹோ நா ஹோ’ பாட்டு, நம்ம சங்கர் மகாதேவன் பாடியது, இவர்கள் ஆங்கிலத்தில் மாற்றிவிட்டார்கள்’ என்று பத்துப் பேர் நடுவே அடித்துவிட்டேன். ஒருவர், இல்லை, இது 1990-ல் வந்த ஜூலியா ராபர்ட்ஸ் படத்துக்காக எழுதியது என்றார். இரண்டு பேரும் கத்துகிறோம்.

மூலையில் ஜூஸ் குடித்துக்கொண்டிருந்த சம்பளப் பிரிவு அக்கா, மூன்று வருடத்தில் ‘பே ஸ்லிப் வந்துவிட்டதா’ தவிர எதுவும் பேசாதவர், டம்ளரைக் கீழே வைத்தார். ‘1964’ என்றார். அவ்வளவுதான். அப்புறம் அந்த உறுமல் வரும் இடத்தில், நாக்கை உருட்டி, அச்சு அசலாக உறுமினார். கூட்டமே அமைதியாகிவிட்டது. திரும்ப டம்ளரை எடுத்துக்கொண்டார்.

அன்றைக்குத்தான் ஆர்பிசன் என்ற பெயரையே கேட்டேன். கண் தெரியாத ஒருவர் இத்தனை ஜாலியான பாட்டைப் பாடியிருக்கிறாரே என்று ஆச்சரியம் வேறு.

வடக்குமாசி:

கணக்குப்பிள்ளை சார், இரண்டு தப்பு. அவருக்குக் கண் தெரியும். பவர் அதிகம், அவ்வளவுதான். 1963-ல் வழக்கமான கண்ணாடியை விமானத்தில் மறந்துவிட்டு, பவர் போட்ட கறுப்புக் கண்ணாடியோடு மேடை ஏறினார். அதே வருடம் பீட்டில்ஸோடு இங்கிலாந்து சுற்றுப்பயணம். அந்தப் படங்கள் பத்திரிகையெல்லாம் வந்ததும் அதுவே அவர் முகமாகிவிட்டது. மேடையில் அசையவும் மாட்டார். பார்க்கிறவர்கள் அவர்களாகவே ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்கள்.

இரண்டாவது, ‘ஜாலி’. மனைவி கிளாடெட் கடைக்குப் புறப்படுகிறார். பணம் வேண்டுமா என்று இவர் கேட்கிறார். கூட உட்கார்ந்து பாட்டு எழுதிக்கொண்டிருந்த பில் டீஸ், அழகான பெண்ணுக்குப் பணம் எதற்கு என்று கிண்டலாக ஒன்று சொல்கிறார். கிளாடெட் திரும்பி வருவதற்குள் ‘ப்ரிட்டி உமன்’ தயார். இதுவரை ஜாலிதான். அதே 1964 கடைசியில் இருவரும் பிரிந்தார்கள். அப்புறம் மறுபடி மணந்துகொண்டார்கள். 1966 ஜூனில், ஆளுக்கொரு மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பும்போது, குறுக்கே வந்த டிரக்கில் மோதி கிளாடெட் இறந்துபோனார். 1968-ல் ஆர்பிசன் இங்கிலாந்தில் பாடிக்கொண்டிருந்தபோது ஹென்டர்சன்வில் வீடு தீப்பிடித்து மூத்த மகன்கள் இருவரும் போய்விட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர், பாடகர் ஜானி கேஷ் அந்த மனையை வாங்கி, வீடு கட்டாமல் பழமரம் வைத்தார்.

என் அனுபவம் சின்னது. போன வருடம் ஒரு ரிசப்ஷன். டிஜே இதே பாட்டைப் போட, பெண்ணும் மாப்பிள்ளையும் ஆடினார்கள். எல்லோரும் கைதட்டுகிறார்கள், எனக்கு மட்டும் அந்த டிரக் வந்துகொண்டே இருந்தது. ‘பாயசம் பிடிக்கவில்லையா, ஏன் மூஞ்சி இப்படி?’ என்றாள் மனைவி. என்னத்தைச் சொல்ல!

டேப்சுற்றி:

எங்கள் ஊர் ரெக்கார்டிங் சென்டரில் லிஸ்ட் எழுதிக் கொடுத்தால் ஒரு வாரத்தில் கேசட் வரும் காலம். அண்ணன் கல்லூரியில் யாரிடமோ கேட்டு எழுதிக்கொண்டு வந்த லிஸ்ட். 60 நிமிட கேசட், ஏ பக்கக் கடைசிப் பாட்டு ‘ரன்னிங் ஸ்கேர்ட்’.

கதை தெரியும்தானே? காதலிக்கிறான், ஆனால் அவளுடைய பழைய ஆள் திரும்பி வந்துவிடுவானோ என்று ஒவ்வொரு அடியிலும் பயம். டம்-டடடம் என்று ஒரே தாளம், பின்னால் கருவிகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்து பெரிதாகிக்கொண்டே போகும். கடைசியில் அந்த ஆள் நிஜமாகவே வந்து எதிரே நிற்கிறான். இவனுக்கு நெஞ்சு உடைகிறது. யாரோடு போவாள்?

டக்.

டேப் முடிந்துவிட்டது. கடைக்காரர் அளந்து போடவில்லை.

பதினோரு வருடம், அவள் பழைய ஆளோடு போய்விட்டாள் என்றே நினைத்திருந்தேன். நடுவில் எனக்கும் ஒரு கதை நடந்தது. அதில் எதிரே நிற்பவனைப் பார்த்ததும் நானாகவே ஒதுங்கிக்கொண்டேன். அந்தப் பெண் யாரோடு போயிருப்பாள் என்று கேட்கக்கூட இல்லை. 2002-ல் சென்னையில் ஒரு சிடி கிடைத்தது. ஹாஸ்டல் அறையில் போட்டேன். கடைசி வரியில் அவள் திரும்பி இவனோடு நடக்கிறாள்! பொய்க்குரலில் (ஃபால்செட்டோ) ஆர்பிசன் உச்சத்துக்குப் போகிறார். நான் எழுந்து நின்றுவிட்டேன். அறைத்தோழன் ‘பல்லியா?’ என்றான்.

ஊசிமுனை:

டேப்சுற்றி, அது பொய்க்குரல் இல்லை. அந்தப் பாட்டின் பெருமையே அதுதான். ஒத்திகையில் பொய்க்குரலில்தான் முயன்றார், வாத்தியச் சத்தத்தில் அமுங்கிப்போனது. தயாரிப்பாளர் ஃப்ரெட் ஃபாஸ்டர் கேட்கவில்லை என்று சொன்ன பிறகு நெஞ்சுக்குரலிலேயே அடித்தார். அது 1961-ல் அமெரிக்காவில் முதலிடத்துக்குப் போனது.

என் சம்பவம்: ‘க்ரையிங்’ முதல்முறை கேட்டபோது பஸ்ஸில் நிறுத்தத்தைத் தவறவிட்டேன். சரி, அதை விடுங்கள்.

யாரும் கேட்கவில்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். போனில் இவர் பெயரைத் தட்டினால் ஒரே பாட்டு இரண்டு மூன்று தடவை வரும். எண்பதுகளில் தன் பழைய பாட்டுகளை அவரே திரும்பப் பதிவு செய்தார். 1987-ல் அது இரட்டை ஆல்பமாக வந்தது. குரல் மோசமில்லை, ஆனால் டிரம்ஸில் அந்தக் காலத்துப் பளபளப்பு ஒட்டிக்கொண்டிருக்கும். நீங்கள் தேட வேண்டியது 1960 முதல் 1964 வரை மானுமென்ட் ரெக்கார்டு கம்பெனிக்காக நாஷ்வில்லில் பதிவானவை. வருடத்தைப் பார்க்காமல் கேட்டுவிட்டு ‘இதிலென்ன இருக்கிறது’ என்று சொல்பவர்களோடு எனக்குச் சண்டையே நடந்திருக்கிறது. போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். ‘ஒன்லி த லோன்லி’யில் பின்னால் வரும் டம்-டம்-டம் குரல்கள்தான் பாட்டைத் தூக்கி நிறுத்துகின்றன, அது போனில் கொசு மாதிரி இருக்கும். ஹெட்போன் இல்லையென்றால் காரில் கேளுங்கள். ‘ப்ரிட்டி உமன்’ கேட்டுத் தொடங்குபவர்கள் மற்றதெல்லாம் அப்படியே இருக்கும் என்று எதிர்பார்த்து ஏமாறுவார்கள். ‘க்ரையிங்’கில் தொடங்குங்கள். மறந்துவிட்டோம் என்று நினைத்த பெண் எதிரே வந்து, கையைப் பிடித்து நலம் விசாரித்துவிட்டுப் போகிறாள், அவ்வளவுதான் கதை. அப்புறம் ‘ரன்னிங் ஸ்கேர்ட்’, அதன் பிறகுதான் ‘இன் ட்ரீம்ஸ்’. மேடைக் கச்சேரி பார்க்க ஆசையிருந்தால் 1987 செப்டம்பரில் லாஸ் ஏஞ்சல்ஸில் எடுத்த கறுப்பு வெள்ளை நிகழ்ச்சி. பின்னால் கிடாரோடு நிற்பவர் ப்ரூஸ் ஸ்ப்ரிங்ஸ்டீன், கோரஸ் பாடுபவர்களில் கே.டி.லாங். அவர்கள் முகத்தைப் பாருங்கள். கரோக்கியில் மட்டும் யாரும் முயல வேண்டாம், தொண்டை போய்விடும். என் மாமாவுக்குத் தொண்டை போன கதை தனி.

பனிப்பாதை:

ஊசிமுனை அண்ணே, மாமா கதையைத்தானே எழுதியிருக்க வேண்டும்?

மொட்டைமாடி:

எனக்குப் பாட்டில்லை, நாற்காலி. ஆர்பிசனும் இருந்த டிராவலிங் வில்பரீஸ் குழுவின் ‘எண்ட் ஆஃப் த லைன்’ வீடியோ. ஜார்ஜ் ஹாரிசன், டாம் பெட்டி எல்லாம் ரயில் பெட்டிக்குள் உட்கார்ந்து மாறி மாறிப் பாடுகிறார்கள். ஒரு குரல் வருகிறது, ஆள் இல்லை. ஆடும் நாற்காலி ஒன்று, அதன் மேல் கிடார், தானாக ஆடுகிறது. பக்கத்தில் ஒரு போட்டோ. எனக்கு அப்போது பதிமூன்று வயது, அண்ணன் நண்பர் வீட்டு வீடியோ கேசட். ‘நாற்காலியை யார் ஆட்டுகிறார்கள்?’ என்று கேட்டேன். யாரும் பதில் சொல்லவில்லை. அது ஆர்பிசன் குரல், 1988 டிசம்பர் 6-ல் இறந்துபோனார், 52 வயது என்று பல வருடம் கழித்துத்தான் படித்தேன். ஆல்பம் வந்து இரண்டு மாதம்கூட ஆகியிருக்கவில்லையாம்.

எங்கேயாவது காலி நாற்காலி ஆடினால் இன்றைக்கும் கையால் பிடித்து நிறுத்திவிடுவேன்.

டேப்சுற்றி:

ஊசிமுனை சொன்னபடி வருடம் பார்த்து, ஹெட்போனில் கேட்டேன். பொய்க்குரல் இல்லைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த ஆள் எதிரே வந்து நிற்கும் இடம் வந்ததும், என் கட்டைவிரல் தானாக நிறுத்தும் பட்டனுக்குப் போய்விட்டது.