இசைத்தட்டோட தடிப்பு மாறினா டோன்ஆர்ம் (ஊசியைத் தாங்குற கை) உயரத்தையும் மாத்தணுமா?

ஹட்டன்:
என்கிட்ட இருக்கிற இசைத்தட்டுக் கருவி டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2. பழைய இசைத்தட்டுகள் 120 கிராம், புதுசு 180, தடிப்பும் கூட. புதுசு போட்டா ஆர்மோட பின்பக்கம் தாழ்ந்து நிக்குது. ஒவ்வொரு தடவையும் மாத்தணுமா அண்ணே?

பண்டாரவளை:
தேவையில்ல தம்பி. தடிப்பு வித்தியாசம் சுமார் அரை மில்லிமீட்டர். 9 அங்குல ஆர்ம்ல கோணம் 1 பாகை மாற பிவட்டை (ஆர்ம் திரும்புற அச்சை) 4 மி.மீ. ஏத்தணும்; அரை மி.மீ.க்கு ஒரு பாகையில எட்டுல ஒரு பங்குதான். அதிகம் போடுற தட்டுக்கு வச்சிட்டு விட்டுடுங்க. மேட்டோ (தட்டுக்கு அடியில போடுற விரிப்பு) கார்ட்ரிட்ஜோ (ஊசி பொருத்தின பகுதி) மாத்தினா மட்டும் கட்டாயம் பாக்கணும்.

ஓடாத தட்டுல ஊசியை இறக்குங்க. ஆர்மோட அடியில இருக்கிற லொக்கைத் தளர்த்தி உயர வளையத்தைத் திருப்புங்க. கோடு போட்ட அட்டையைப் பின்னால நிறுத்தினா ஆர்ம் குழாய் சமாந்தரமா இருக்கான்னு தெளிவாத் தெரியும். திரும்ப லொக்கை இறுக்குங்க, தளர்வா விட்டா ஆர்மோட அடி ஆடும். கடைசியா ஊசி அழுத்தத்தைத் தராசுல பாருங்க, உயரம் மாறினா அதுவும் கொஞ்சம் நகரும்.

நுவரெலியா:
ஆர்மை அதிகமா இறக்கிட்டா, ஊசியைத் தூக்குற லீவரைத் தூக்கினாலும் ஊசி தடிச்ச தட்டுல உரசும். அதையும் பாருங்க.

நம்ம பக்கம் மழைக்காலத்துல உறையில பூஞ்சணம் பிடிக்கும். படபடன்னு சத்தம் வந்தா முதல்ல தட்டைக் கழுவுங்க, உயரத்தைத் தொடாதீங்க. பழைய 78 தட்டுல (நிமிஷத்துக்கு 78 சுத்து சுத்துறது) மட்டும் ஸ்பிரிட் படவே கூடாது, அதுல இருக்கிற ஷெலாக் (அரக்கு) கரைஞ்சிடும்.