மறு: இயைபா, கூட்டியக்கமா? (வெள்ளிக்கிழமை அச்சு)

அனைவருக்கும் வணக்கம்.

சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். சனிக்கிழமை வகுப்புக்கு வரும் 18 பேரில் பாதி தோட்டத்துப் பிள்ளைகள். செம்பனை ஆலையில் வேலைக்குச் சேரப் போகிறவர்கள். கையேட்டில் 'இன்டர்ஆப்பரபிலிட்டி' (வெவ்வேறு கருவிகள் ஒன்றையொன்று புரிந்துகொண்டு சேர்ந்து இயங்குவது) என்ற இந்த ஒரு சொல்லுக்கு மட்டும் தமிழ் இல்லாமல் இடம் காலியாகக் கிடக்கிறது.

கூலிம் தம்பி 'இணைப்பு' போதும் என்கிறார். போதாது, தம்பி. கம்பி இழுத்தால் இணைப்பு வந்துவிடும், பேச்சு வராது. 1979-இல் வந்த மோட்பஸ் (கருவிகள் தங்களுக்குள் தகவல் அனுப்பும் முறை) இன்றும் ஆலைகளில் ஓடுகிறது. குலை வேகும் கலனில் நீராவி அழுத்தம் 3.0 பார் இருந்தால், மோட்பஸில் வருவது வெறும் 30 என்ற எண்ணாக இருக்கலாம். அழுத்தமா, வெப்பமா, பத்தால் வகுக்க வேண்டுமா? எண் சொல்லாது. ஓபிசி யூஏ என்ற புதிய முறையின் வழியில் பெயரும் அலகும் கூடவே வர இடமுண்டு. ஒன்று சொன்னதை மற்றது அதே பொருளில் எடுத்துக்கொள்கிறதே, அதற்குத்தான் சொல் தேடுகிறோம்.

ஈப்போ ஐயா தந்த 'இயைபு' தொல்காப்பியர் எண்வகை வனப்பில், அதாவது செய்யுளின் எட்டு அழகுகளில், வைத்த சொல். வகுப்பில் சொல்லிப் பார்த்தேன். "எதுகை, மோனை, இயைபு... அந்த இயைபா சார்?" என்றாள் ஒரு பிள்ளை. பள்ளியில் செய்யுள் பாடத்தில் படித்ததைத்தானே கேட்கிறாள்.

எனக்குப் புணரியலை (சொற்கள் சேரும் இலக்கணத்தை) விட்டுவிட மனமில்லை. மணி + அடித்தது: இரண்டு உயிர் நேரே சேராது, நடுவில் யகரம் வந்து 'மணியடித்தது' ஆகிறது. அதுதான் உடம்படுமெய்; உடம்படுதல் என்றால் உடன்படுதல். பழைய கொதிகலனுக்கும் புதிய மென்பொருளுக்கும் நடுவே வைக்கும் கேட்வே பெட்டியின் வேலையும் அதேதான். பெட்டிக்கு 'உடம்படுகருவி' என்று போடலாமா?

வடசொல்லோ ஆங்கிலமோ கூடவே கூடாது என்போருக்கு: நம்மூர்ப் பள்ளி மகாத்மா காந்தி கலாசாலை. 'கலாசாலை' கேட்டு யாரும் வழி தவறியதில்லை. பிள்ளைகளுக்குப் புரிவதுதான் எனக்கு முதலில்.

நேற்றுவரை 6 பேர் 'கூட்டியக்கம்' என்றீர்கள். அதையே அச்சுக்குக் கொடுக்கிறேன்.

---

ஈப்போவிலிருந்து:

அச்சிடுங்கள் தம்பி, தடுக்கவில்லை. ஆனால் 'கூட்டியக்கம்' எனக்குக் கட்சிகள் சேர்ந்ததுபோல் ஒலிக்கிறது. இயை, இசை இரண்டும் ஒரே வேர். உயிர் பேச்சில் உசிர் ஆவதுபோல யகரம் சகரமாகும். யாழின் நரம்புகள் தனித்தனி, ஆனால் பண் ஒன்று. ஆலைக்கும் அதுதானே வேண்டும்? என் ஓட்டு இன்னும் இயைபுக்கே. உடம்படுகருவிக்கு முழுச் சம்மதம்.