ஆங்கிலத்தில் 'இண்டியன்' கேபிடல், 'மேனேஜர்' ஸ்மால் – ஏன்?

கேள்வி:
வணக்கம். ஆங்கிலத்தில் ஒரு வேலை விண்ணப்பம் எழுதி, நண்பரிடம் பார்க்கக் கொடுத்தேன். நான் ஸ்மால் லெட்டரில் தொடங்கிய 'இண்டியன்', 'ஃப்ரெஞ்ச்' இரண்டையும் கேபிடல் ஆக்கிவிட்டார். கேபிடலில் எழுதிய 'மேனேஜர்', 'கம்பெனி' இரண்டையும் ஸ்மால் ஆக்கிவிட்டார். 'இண்டியன் கம்பெனி' என்பதில் 'இண்டியன்' வெறும் பெயரடைதானே? மேனேஜர் மதிப்பான பதவியாயிற்றே? எந்த விதியைப் பிடித்துக்கொள்வது என்றே புரியவில்லை.

பதில் 1:
நண்பர் திருத்தியது சரி. தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பிரிவே இல்லாததால், கேபிடல் என்றால் மரியாதை என்று நமக்குத் தோன்றிவிடுகிறது. அப்படி இல்லை. 'இது ஒன்றன் சொந்தப் பெயர்' என்று காட்டத்தான் அது. நாடு, இனம், மொழி ஆகியவற்றின் பெயரிலிருந்து வந்த சொல், பெயரடையாக நின்றாலும் கேபிடலை விடாது.

'மேனேஜர்' ஆயிரம் பேருக்குப் பொருந்தும் சொல். அதனால் ஸ்மால். பதவி, பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டால் மட்டும் மாறும்: 'பிரசிடென்ட் லிங்கன்' என்றால் கேபிடல், 'த பிரசிடென்ட்' என்று தனியே வந்தால் பொதுவாக ஸ்மால். 'மை மதர்' ஸ்மால். அம்மாவையே 'மதர்' என்று கூப்பிட்டால் அது பெயர் மாதிரி, கேபிடல்.

பதில் 2:
ஒன்று சேர்க்கிறேன். பழைய ஆங்கிலத்தைப் பார்த்துக் குழம்பாதீர்கள். 1776 அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தில் 'லைஃப்', 'லிபர்ட்டி' எல்லாம் கேபிடலில்தான் இருக்கும். அந்தக் காலப் பழக்கம் அது. ஜெர்மனில் இன்றும் எல்லாப் பெயர்ச்சொல்லுக்கும் கேபிடல். பிரெஞ்சில் நேர் எதிர்: மொழிப் பெயரும் நாட்டுப் பெயரடையும் ஸ்மால். அந்த மொழிகள் படித்தவர்களும் ஆங்கிலத்தில் இங்கேதான் தடுக்குகிறார்கள்.

கேட்டவர்:
இப்போது புரிகிறது, மிக்க நன்றி! அப்படியானால் 'இங்கிலிஷ்' கேபிடல், 'ஃபிசிக்ஸ்' ஸ்மாலா? மாதங்கள்?

பதில் 1:
ஆமாம். மாதமும் கிழமையும் கேபிடல். 'சம்மர்', 'விண்டர்' ஸ்மால். 'வெனிஷியன் பிளைண்ட்' (வெனிஸ் ஊரின் பெயரால் அழைக்கப்படும் ஜன்னல் மறைப்பு) மாதிரி, ஊரை மறந்து பொருளின் பெயராகவே ஆகிவிட்ட சொற்களில் அகராதிக்கு அகராதி மாறும். ஒன்றைப் பார்த்து அதையே கடைசிவரை பின்பற்றுங்கள். அப்புறம், ஸ்பெல் செக்கரை மட்டும் நம்பவேண்டாம். போலந்துக்காரரைக் குறிக்கும் 'போலிஷ்', பளபளப்பாக்கும் 'பாலிஷ்' இரண்டுக்கும் எழுத்துக்கள் ஒன்றே. முதல் எழுத்தை ஸ்மாலில் போட்டால் ஆளே மாறிவிடுவார், சிவப்புக் கோடும் வராது.

பதில் 2:
விண்ணப்பம் என்பதால் இன்னொன்று: கடைசியில் கையெழுத்துக்குக் கீழே பதவியைத் தனி வரியில் போடுவீர்களே, அங்கே கேபிடல்தான் வழக்கம். அதை ஸ்மால் ஆக்கிவிடாதீர்கள்.