23 நாள் எழுதினேன், 24ஆம் நாள் நின்றுவிட்டது

கேள்வி:
என் மேசை டிராயரில் நான்கு நோட்டுகள் கிடக்கின்றன. நான்கிலும் முதல் இருபது சொச்சம் பக்கம்தான் நிரம்பியிருக்கிறது, மீதி வெள்ளை. இரவில் தினமும் ஒரு பக்கம் டைரி எழுதுவது என்று ஒவ்வொரு முறையும் சபதம் போட்டுத்தான் ஆரம்பிக்கிறேன். 21 நாள் விடாமல் செய்தால் பழக்கமாகிவிடும் என்றார்கள். கடைசி முறை 23 நாள் எழுதினேன். மறுநாள் காய்ச்சல். அதற்கடுத்த நாள் நோட்டைத் திறந்தால் ஒரு தேதி விட்டுப்போயிருக்கிறது. மனசே விட்டுப்போயிற்று. எனக்கு மன உறுதி இல்லையா, வேறு ஏதாவது கோளாறா?

பதில் 1:
கோளாறு அந்த 21இல்தான். மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் சர்ஜன் 1960இல் எழுதியது அது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு தங்கள் புது முகத்துக்குப் பழக நோயாளிகளுக்குக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்றார். அந்தக் ‘குறைந்தது’ வழியில் எங்கோ உதிர்ந்துவிட்டது. மூக்கைப் பற்றிச் சொன்னதை டைரிக்கும் உடற்பயிற்சிக்கும் ஒட்டிவிட்டார்கள்!

பிற்பாடு லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை 12 வாரம் கவனித்தார்கள். ஆளுக்கொரு சின்னச் செயல், தினமும் ஒரே சந்தர்ப்பத்தில் செய்ய வேண்டும். யோசிக்காமல் தானாக வருவதற்கு எத்தனை நாள் ஆகும் என்று, அந்த 12 வாரப் போக்கை வைத்து மேற்கொண்டும் கணக்கிட்டபோது 18 முதல் 254 வரை வந்தது, நடுவில் நின்றது 66. உங்களுக்கு வேண்டிய சேதி இதுதான்: இடையில் ஒரு நாள் தவறியது பழக்கம் உருவாவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. உங்கள் காய்ச்சல் எதையும் அழிக்கவில்லை. நோட்டை மூடியதுதான் தப்பு.

நானும் இதில் அடிபட்டவன்தான். முதுகு வலிக்காகச் சொல்லிக் கொடுத்த மூன்று பயிற்சிகளை ‘நேரம் கிடைக்கும்போது’ செய்வதாக வைத்திருந்தேன். நேரம் கிடைக்கவே இல்லை. அப்புறம், காலையில் பல் துலக்கி பிரஷ்ஷை வைத்த கையோடு தரையில் படுத்துவிடுவது என்று மாற்றினேன். முதல் மாதம் எரிச்சலாகத்தான் இருந்தது. இப்போது செய்யாவிட்டால் எதையோ மறந்த மாதிரி இருக்கிறது. செய்த நாட்களை காலண்டரில் டிக் அடித்து வந்ததை மட்டும் விட்டுவிட்டேன். ஒரு கட்டத்தில் முதுகுக்காகச் செய்கிறேனா, டிக்குக்காகவா என்றே தெரியவில்லை.

பதில் 2:
ஆய்வெல்லாம் சரி. தூக்கம் சொக்கும் நேரத்தில் ஒரு முழுப் பக்கம் யாரால் எழுத முடியும்? மூன்று வரி வையுங்கள். இன்னொன்று, தேதியே போடாதீர்கள். தேதி இருந்தால்தானே விட்டுப்போனது தெரியும்!

பதில் 3:
பதில் 2 சொன்னது எனக்கு ஒத்துவராது. தேதி இல்லாத டைரியை ஐந்து வருஷம் கழித்துப் படித்தால் ஒன்றும் புரியாது. தேதி இருக்கட்டும், விட்ட நாளுக்காக இடம் விடாமல் அடுத்த வரியிலேயே தொடருங்கள். நான் அப்படித்தான் ஓட்டுகிறேன். சில வாரம் நான்கே நாள்தான் இருக்கும்.

கேள்வி கேட்டவர்:
எல்லோருக்கும் நன்றி. ஐந்தாவது நோட்டு வாங்க இருந்தேன், வாங்கவில்லை. நான்காவதையே எடுத்துத் தலையணை மேல் வைத்திருக்கிறேன், படுக்க வேண்டுமென்றால் அதை நகர்த்தித்தான் ஆக வேண்டும். நேற்று அந்தக் காய்ச்சலைப் பற்றியே மூன்று வரி எழுதினேன். தேதி போட்டேன்.