புதுப்பிப்பு: என் மூக்கும் செல்ஃபியும்
மூக்கு அசிங்கமாக இருக்கிறதென்று அக்கா கல்யாணத்தில் ஒரு படத்துக்குக்கூட நிற்கவில்லை என இரண்டு மாதம் முன்பு புலம்பியிருந்தேனே, அதன் தொடர்ச்சி.

நீங்கள் சொன்னபடி, தோற்றத்தில் குறை இருப்பதாக ஓயாமல் கவலைப்படும் இந்த மனநிலையைப் பற்றிப் படித்தேன். 1891-லேயே இத்தாலிய மருத்துவர் என்ரிகோ மொர்செல்லி இதற்கு ‘டிஸ்மார்போபோபியா’ என்று பெயர் வைத்துவிட்டாராம். எனக்கு மட்டும் வந்த கிறுக்கு இல்லை, சரி! அப்புறம் 2018 ஆய்வு ஒன்று: 5 அடியிலிருந்து எடுப்பதைவிட 12 அங்குலத்தில் எடுக்கும் செல்ஃபியில் மூக்கு ஏறக்குறைய 30 சதவீதம் அகலமாகத் தெரியுமாம். நானோ தினம் இருபது எடுத்து அளந்துகொண்டிருந்தேன்.

இன்ஸ்டாகிராமில் அழகுப் பக்கங்களை நீக்கியாயிற்று. கோலாலம்பூர் எல்ஆர்டி ரயிலில் போகும்போது கைப்பேசி பைக்குள். ஆனால் மஸ்ஜித் ஜாமெக் நிலையச் சுரங்கத்தில் ஜன்னலே கண்ணாடியாகிவிடுகிறது, பார்க்காமல் இருக்க முடியவில்லை. இதைப் பற்றிப் படிப்பது மட்டும் போதாது என்கிறார் அம்மா. வியாழக்கிழமை உளவியல் ஆலோசகரிடம் போகிறேன்.