பென்டிரைவிலேயே கணினியை ஓட்டினால் வாடிக்கையாளர்களின் ஆவணங்கள் தப்புமா?

காலடிப்பேட்டை கணக்கு எழுதியது:

வணக்கம். எம்.சி. ரோட்டில் சில துணிக்கடைகளுக்கும், காசிமேட்டில் ஐஸ், வலை என்று வியாபாரம் செய்யும் சிலருக்கும் வீட்டிலிருந்தே கணக்கு எழுதி ஜிஎஸ்டி தாக்கல் செய்து தருகிறேன். பதினோரு வருடமாக இதுதான் பிழைப்பு. தனியாக ஆபீஸ் எதுவும் கிடையாது. ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் ஒரு டெஸ்க்டாப், அவ்வளவுதான். பகலில் அது என்னுடையது. மாலையில் பெரியவன் ப்ராஜெக்ட் என்ற பெயரில் கேம் ஆடுவான், இரவில் சின்னவன்.

போன மாதம் கணினிக்குக் கரண்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் போய்விட்டது. பக்கத்துத் தெருவில் ஒரு ரிப்பேர் கடையில் கொடுத்தேன். இரண்டு நாள் என்றார்கள், ஐந்து நாள் ஆனது. "டெஸ்ட் பண்ணணும், பாஸ்வேர்டு குடுங்க" என்று கேட்டதும் ஒரு துண்டுத்தாளில் எழுதி கேபினட் மேலேயே ஒட்டிக் கொடுத்தேன். என் புத்தியை எதால் அடிப்பது என்று தெரியவில்லை. திரும்பி வந்த பிறகு பார்த்தால், சமீபத்தில் திறந்த ஃபைல்களின் பட்டியலில் முதலில் நிற்கிறது ஒரு மீன் வியாபாரியின் பேங்க் ஸ்டேட்மென்ட். அதை நான் தொட்டே நாலு மாதம் இருக்கும். திறந்த தேதி, கணினி அந்தக் கடையில் இருந்த தேதி.

சும்மா வேடிக்கை பார்த்தார்களா, காப்பி எடுத்தார்களா, தெரிந்துகொள்ள வழியில்லை. அந்த வியாபாரிக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டேன். "வுடும்மா, அதுல இன்னா இருக்கப் போவுது, கடன்தான் இருக்கு" என்று சிரித்தார். எனக்குத்தான் தூக்கம் போய்விட்டது. அந்த ஃபோல்டரில் முப்பது பேருக்கு மேல் ஆதார், பான், வங்கிக் கணக்கு விவரம் இருக்கிறது.

கணினியை முழுக்க முழுக்க ஒரு பென்டிரைவிலிருந்தே ஓட்டலாம், பிடுங்கிவிட்டால் மெஷினில் எதுவும் மிஞ்சாது என்று தம்பி ஒருவன் சொன்னான். நிஜமா? நான் கணக்கு எழுதும் டேலி மென்பொருள் அதில் ஓடுமா? என்னிடம் 32 ஜிபி பென்டிரைவ் ஒன்று இருக்கிறது. அதையே எடுத்துப்போய் கடைக்காரர்களின் கணினியில் சொருகியும் வேலை பார்க்க முடியுமா? நான் கணக்குக்காரி, கம்ப்யூட்டர்காரி இல்லை. கொஞ்சம் நிதானமாகச் சொல்லுங்கள்.

வியாசை பத்தாம் நம்பர் எழுதியது:

அக்கா, நீங்கள் தேடுவதற்குப் பெயர் டெயில்ஸ். இலவசம். விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் இயங்குதளம், டெபியன் லினக்ஸை வைத்துச் செய்தது. 8 ஜிபி பென்டிரைவ் இருந்தாலே போதும். கணினியை ஆன் செய்யும்போதே பென்டிரைவிலிருந்து எழும், உங்கள் ஹார்ட்டிஸ்க் பக்கமே போகாது. நடப்பதெல்லாம் ரேம் என்கிற தற்காலிக நினைவகத்தில்தான். ஷட்டவுன் செய்தால் ரேமையும் அழித்துவிட்டுத்தான் போகும். ஃபைல் சேமிக்க வேண்டுமென்றால் அதே பென்டிரைவில் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டிய ஒரு பகுதி வைத்துக்கொள்ளலாம். 2013ல் அமெரிக்க உளவு ரகசியங்களை வெளியிட்ட ஸ்னோடன் விவகாரத்தில் அவரும், அவரிடம் பேசிய பத்திரிகையாளர்களும் பயன்படுத்தியது இதைத்தான். அமெரிக்க உளவுத்துறைக்கே தாங்கியது, ரிப்பேர் கடைக்குத் தாங்காதா?

தங்கசாலைக்காரன் எழுதியது:

தம்பி சொன்னதில் பொய் இல்லை. ஆனால் அது வேறு வியாதிக்கான மருந்து. டெயில்ஸ் இணையத்துக்குப் போவது எல்லாவற்றையும் டோர் என்ற, பல நாட்டுக் கணினிகளைச் சுற்றிப் போகும் வலை வழியாக அனுப்பும். நீங்கள் காலடிப்பேட்டையில் உட்கார்ந்து பேங்க் தளத்தைத் திறந்தால், அந்தப் பக்கத்துக்கு ஜெர்மனியிலிருந்து யாரோ வருவதுபோல் தெரியும். சந்தேகப்பட்டுக் கதவைச் சாத்திவிடலாம், சமயத்தில் கணக்கையே முடக்கிவிடலாம். நீங்கள் யார் என்பதை மறைக்கத்தான் டோர். நீங்களோ வாடிக்கையாளர் பெயரிலேயே, ஓடிபி வாங்கி உள்ளே போகிறவர். உங்களுக்கு மறைக்க வேண்டியது ஆள் இல்லை, தாள்.

அப்படியென்றால் ஃபைல்களை மட்டும் பென்டிரைவில் வைத்துக்கொண்டு ஹாலில் இருக்கும் விண்டோஸிலேயே திறந்தால் என்ன என்று தோன்றும். அங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். பென்டிரைவைப் பிடுங்கினாலும், திறந்த ஃபைலின் பெயர் பட்டியலில் நிற்கும். படங்களின் குட்டி உருவம் தங்கும். எக்செல் தானாகச் சேமித்த நகல் ஒரு மூலையில் கிடக்கும். ரேம் பத்தாதபோது விண்டோஸ் டிஸ்க்கில் எழுதிவைக்கும் பேஜ்ஃபைலில் என்ன இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? பிரிண்ட் கொடுத்தால் அதற்கும் ஒரு தற்காலிக நகல். அந்த ரிப்பேர் கடைக்காரர் ஃபைலைத் திறந்ததை உங்களுக்குக் காட்டிக்கொடுத்ததும் விண்டோஸின் இந்த ஞாபகசக்திதான். அதனால் இயங்குதளமே வெளியில் இருக்க வேண்டும் என்ற உங்கள் யோசனை சரி.

நான் செய்யச் சொல்வது இது. பென்டிரைவ் வேண்டாம். நாள் முழுக்க எழுதி அழிக்கும் வேலைக்கு அது லாயக்கில்லை, சூடாகும், மெதுவாகும், ஒருநாள் சொல்லாமல் செத்துப்போகும். சின்னதாக ஒரு எஸ்எஸ்டி (சுழலாத, சிப்பில் எழுதும் டிஸ்க்), அதைப் போட யுஎஸ்பி கேஸ் ஒன்று. நீல நிற யுஎஸ்பி போர்ட்டில் சொருகுங்கள். அதில் லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மிண்டை, சேமிக்காமல் சும்மா ஓட்டிப் பார்க்கும் லைவ் ஆக இல்லாமல், முழுதாக இன்ஸ்டால் செய்யுங்கள். இன்ஸ்டால் செய்யும்போது என்கிரிப்ட் (பாஸ்வேர்டு இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டுவது) செய்யவா என்று ஒரு கட்டம் வரும், அதை டிக் செய்யாமல் தாண்டவே கூடாது. டிக் செய்யாவிட்டால், ஹாலில் இருந்த ஆபத்தைக் கைப்பைக்குள் மாற்றி வைத்ததாகத்தான் ஆகும். மெட்ரோவில் பை தொலைந்தால், எடுத்தவர் எந்தக் கணினியில் சொருகினாலும் முப்பது பேரின் ஜாதகமும் கையில் இருக்கும்.

இன்னொரு எச்சரிக்கை, நான் பட்டது. மிண்ட் இன்ஸ்டாலர், எஸ்எஸ்டியைத் தேர்ந்தெடுத்தாலும் கணினியை எழுப்பும் பூட்லோடரை மட்டும் உள்ளே இருக்கும் டிஸ்க்கில் எழுதிவிடும் பழக்கம் உள்ளது. அப்புறம் எஸ்எஸ்டி இல்லாமல் ஆன் செய்தால் வீட்டுக் கணினி திருதிருவென்று முழிக்கும். உங்களுடையது டெஸ்க்டாப் என்பதால் வழி சுலபம்: மின்சாரத்தை நிறுத்தி, கேபினட்டைத் திறந்து, உள் டிஸ்க்கின் சாட்டா கேபிளைக் கழற்றிவிட்டு இன்ஸ்டால் செய்யுங்கள். முடிந்ததும் மாட்டிவிடுங்கள்.

டேலி லினக்ஸில் நேரடியாக ஓடாது. விண்டோஸையே வெளி டிஸ்க்கில் வைக்கும் வழியும் இருந்தது. விண்டோஸ் டு கோ என்று 2012ல் விண்டோஸ் 8 உடன் மைக்ரோசாஃப்ட்டே கொடுத்தது, 2020ல் கைவிட்டது. ரூஃபஸ் என்ற மென்பொருளை வைத்து இன்றும் செய்பவர்கள் உண்டு. ஆனால் டேலி லைசன்ஸ் நீங்கள் போகிற கணினிக்கெல்லாம் கூடவே வராது. எஜுகேஷனல் மோடில் திறந்துகொண்டு 1, 2, 31 தேதிகளில் மட்டும் என்ட்ரி போடு என்று சொல்லும். அதனால் டேலி ஹாலிலேயே இருக்கட்டும். அதன் டேட்டா ஃபோல்டரை மட்டும் வெராகிரிப்ட் என்ற பூட்டு மென்பொருளின் பெட்டி ஒன்றுக்குள் வைத்துப் பூட்டுங்கள். ஆதார், பான், ஸ்டேட்மென்ட், மெயில், ஜிஎஸ்டி தளம் எல்லாம் எஸ்எஸ்டிக்குப் போகட்டும். உங்கள் ஆட்கள் தனிநபர் வியாபாரிகள்தானே? ஓடிபி வைத்தே தாக்கல் செய்யலாம். கம்பெனி, எல்எல்பி என்றால்தான் டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் கட்டாயம், அதை லினக்ஸில் மல்லுக்கட்டி நிறுத்துவது தனிக்கதை.

கடைக்காரர்களின் கணினியில் சொருகலாம், நான் விரும்ப மாட்டேன். பூட் ஆகவில்லையே என்று அவர்கள் லேப்டாப்பில் செக்யூர் பூட் என்ற, எழும்போது சரிபார்க்கும் அமைப்பை மாற்றினீர்களென்றால், அதில் டிஸ்க்கைப் பூட்டும் பிட்லாக்கர் இருந்தால், மறுநாள் அவருக்கு 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்டு ஒரு நீலத் திரை வரும். அதைக் கண்டுபிடிக்கும் வரை ஜிஎஸ்டியை மறந்துவிட்டு உங்களைத்தான் திட்டிக்கொண்டிருப்பார்.

கடைசியாக, ஏற்கெனவே ஹார்ட்டிஸ்க்கில் இருப்பது. டெலீட் செய்து ரீசைக்கிள் பின்னைக் காலி செய்தாலும் எழுத்து அங்கேயேதான் இருக்கும், விலாசம்தான் போகும். விண்டோஸில் சைஃபர் என்று ஒரு கட்டளை உண்டு, காலி இடம் முழுவதையும் மேலெழுதிவிடும். பழைய சுழலும் டிஸ்க்குக்கு அது போதும். உள்ளே இருப்பதும் எஸ்எஸ்டி என்றால் அதை நம்ப முடியாது, கேளுங்கள், வேறு வழி சொல்கிறேன்.

காலடிப்பேட்டை கணக்கு எழுதியது:

ரொம்ப நன்றி அண்ணா. பழைய சுழலும் டிஸ்க்தான், 2016ல் வாங்கியது, சத்தமே போடும். உங்கள் பெயர் தங்கசாலை, இங்கிலீஷில் மிண்ட், சொல்வதும் மிண்ட். சொந்த ஊர் விளம்பரமா என்று யோசித்தேன்!

ஒரு சந்தேகம். இ-ஆதார் பிடிஎஃப் எல்லாம் ஏற்கெனவே பாஸ்வேர்டு போட்டுத்தானே வருகிறது? அதைத் தனியாகப் பூட்ட வேண்டுமா?

தங்கசாலைக்காரன் எழுதியது:

இது காசு அடிக்கிற மிண்ட் இல்லைம்மா, புதினா. இலைதான் ரொம்ப நாள் அதன் சின்னமாக இருந்தது.

இ-ஆதாரின் பாஸ்வேர்டு என்ன? பெயரின் முதல் நாலு எழுத்து, பிறந்த வருடம். அந்த இரண்டும் அதே ஃபோல்டரில் இருக்கும் பான் கார்டில் அச்சாகி இருக்கிறது. பூட்டையும் சாவியையும் ஒரே ஆணியில் மாட்டிய கதைதான். முடிந்தவரை முதல் எட்டு எண்களை மறைத்த மாஸ்க்டு ஆதாரை வாங்குங்கள். பதிவு முடிந்து இனி தேவையில்லை என்றால் அதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். 2023ல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டமும், காரியம் முடிந்தால் அழித்துவிடு என்றுதான் சொல்கிறது.

இன்னொன்று, உங்கள் ஆட்கள் ஆதாரை எதில் அனுப்புகிறார்கள்? வாட்ஸ்அப்பில்தானே? உங்கள் போன் கேலரியைத் திறந்து பாருங்கள்.

எண்ணூர் கழிமுகம் எழுதியது:

சிஸ்டர், அண்ணன் சொன்ன டெக்னிக்கல் எல்லாம் சரி. நான் தண்ணி விஷயம் சொல்கிறேன். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எங்கள் வீட்டுக்குள் வந்தது வெறும் மழைத் தண்ணீர் இல்லை, எண்ணெய் கலந்த தண்ணீர். முழங்கால் அளவுதான். ஆனால் சிபியு தரையில் இருந்தது. கறுப்பாகப் பிசுபிசுவென்று ஆகி, மதர்போர்டைப் பார்க்கவே சகிக்கவில்லை. எக்ஸ்டர்னல் டிஸ்க் ஒன்று பால் கவரில் சுற்றி பரண் மேல் அரிசி டின்னில் இருந்தது, அதனால் சங்கத்தின் பத்து வருடக் கணக்கு பிழைத்தது. உங்களிடம் இருப்பதெல்லாம் ஒரே எஸ்எஸ்டியில் என்றால் அது தொலைந்தால், கெட்டால், நனைந்தால் எல்லாமே போச்சு. இன்னொன்று வாங்கி, அதையும் என்கிரிப்ட் செய்து, வாரம் ஒரு முறை காப்பி எடுத்து வேறு வீட்டில் வையுங்கள். அதே பீரோவில் இல்லை.

கடல் பக்கம் இருப்பவர்களுக்கு உப்புக்காத்து வேறு. யுஎஸ்பி வாயில் பச்சையாகப் பிடிக்கும். மூடி இல்லாமல் திறந்து வைக்காதீர்கள். பிளாட்பாரத்தில் மலிவாக 1 டிபி என்று விற்பதை வாங்காதீர்கள். நான் வாங்கியது 1 டிபி என்று காட்டியது, சில ஜிபி தாண்டியதும் முன்னால் இருந்ததன் மேலேயே எழுத ஆரம்பித்தது. புதிதாக எது வாங்கினாலும் முதலில் எஃப்3 என்ற சோதனையை ஓட்டிப் பாருங்கள். நிரப்பிப் படித்துப் பார்த்து உண்மை அளவைச் சொல்லிவிடும்.

காலடிப்பேட்டை கணக்கு எழுதியது:

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். செய்துவிட்டேன்.

கேலரியைத் திறந்து பார்த்தேன் அண்ணா. பாதி ஆதார் அங்கேதான் இருந்தது, போன தீபாவளிக்கு எடுத்த குடும்பப் படத்துக்கும் சின்னவன் பிறந்தநாள் கேக்குக்கும் நடுவில். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து அழித்தேன். வாட்ஸ்அப்பில் படங்கள் தானாகக் கேலரிக்கு வருவதை நிறுத்திவிட்டேன்.

கேபிளைக் கழற்றியது பெரியவன். முதல் நாள் பூட் மெனு வரவே இல்லை, எஃப்12ஐ அழுத்தி அழுத்தி விரல் வலித்தது. அப்புறம்தான் தெரிந்தது, அந்த விசையே வேலை செய்யவில்லை. எப்போதோ அதன் மேல் டீ கொட்டியிருக்கிறது, யார் என்று இன்றுவரை ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை. எதிர்வீட்டுக் கீபோர்டை வாங்கி வந்து ஆரம்பித்தேன்.

பாஸ்வேர்டு கேட்கும் கறுப்புத் திரையில் தமிழில் அடிக்க முடியவில்லை. சம்பந்தமே இல்லாத ஆறு தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் வைத்திருக்கிறேன். பழமொழி வைக்கப் போனேன், அது எல்லோருக்கும் தெரிந்ததாச்சே என்று பெரியவன் தடுத்தான். தாளில் எழுதி அம்மா வீட்டில் பழைய ரேஷன் கார்டு உறைக்குள் வைத்திருக்கிறேன். இரண்டாவது எஸ்எஸ்டி அங்கே வைக்கவில்லை. பூட்டும் சாவியும் ஒரே ஆணியில் வேண்டாமே. அது திருவொற்றியூர் தேரடியில் அக்கா வீட்டில் இருக்கிறது.

இந்த மாத ஜிஎஸ்டி ரிட்டர்ன், 3பி எல்லாம் எஸ்எஸ்டியில் இருந்தே போட்டுவிட்டேன். டேலிக்குத்தான் ஒவ்வொரு முறையும் ரீஸ்டார்ட் செய்து விண்டோஸுக்குப் போக வேண்டியிருக்கிறது, எரிச்சல்தான். காலையில் டேலி, மதியத்துக்கு மேல் மற்றதெல்லாம் என்று பிரித்துக்கொண்டேன். சைஃபர் ஒரு ராத்திரி முழுக்க ஓடியது.

அந்த மீன் வியாபாரியிடம், உங்கள் கடனெல்லாம் இப்போது பத்திரமாக இருக்கிறது என்று சொன்னேன். அப்படியே தொலைந்து போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்கிறார்.

ஒரே ஒரு கேள்வி பாக்கி. சின்னவன் கேட்கிறான், அந்த எஸ்எஸ்டியில் கேம் ஓடுமா என்று.

தங்கசாலைக்காரன் எழுதியது:

ஓடும். அவனிடம் சொல்லிவிடாதீர்கள்.