ஹோஃப் பக்கம் குடிவந்திருக்கிறீர்களா? ஒரு ஞாயிற்றுக்கிழமை மோட்லராய்ட் போய் வாருங்கள்

முகவரிப் பதிவு, காப்பீடு, வங்கிக் கணக்கு பற்றியெல்லாம் ஏற்கெனவே பலர் சொல்லிவிட்டார்கள். ஜெர்மனியில், பவேரியா மாநிலத்து ஹோஃப் நகரக் கல்லூரிக்குப் படிக்க வந்தவர்களுக்கும், சுற்றுவட்டாரக் கம்பெனிகளில் வேலைக்குச் சேர்ந்து கிராமத்தில் வீடு பிடித்தவர்களுக்கும் நான் ஒரு ஊரைக் காட்ட விரும்புகிறேன். அந்த ஊரைப் பார்த்த பிறகுதான் இந்த நாடு எனக்குப் பிடிபட ஆரம்பித்தது.

ஹோஃபிலிருந்து வடக்கே சுமார் 15 கிலோமீட்டர். மேடும் பள்ளமுமான வயல்கள், நடுநடுவே ஊசியிலைக் காடு. குளிர் கடுமை என்பதால் இந்தப் பகுதியை ‘பவேரிய சைபீரியா’ என்பார்கள். இங்கே ‘ராய்ட்’ என்று முடிகிற ஊர்ப்பெயர் நிறைய உண்டு. காடு திருத்திக் குடியேறிய ஊர் என்று அர்த்தம். மோட்லராய்ட்டும் அப்படி உண்டானதுதான். மொத்தம் ஐம்பது பேர்கூட இருக்க மாட்டார்கள். ஒரு குளம், சில பண்ணை வீடுகள், நடுவில் டான்பாஹ் என்ற ஓடை. ஓடை என்றால் நம் ஊர் வாய்க்கால் அளவுகூட இல்லை, ஓர் எட்டு வைத்தால் தாண்டிவிடலாம்.

அந்த ஓடைதான் எல்லை. 1810-இல் ஒரு கரை பவேரிய அரசுக்கும் மறுகரை ரோய்ஸ் சிற்றரசுக்கும் போனது. அந்த மறுகரை இன்று தூரிங்கியா மாநிலம். அப்போது நட்ட எல்லைக் கற்கள் இன்னும் நிற்கின்றன. குனிந்து பார்த்தால் இரண்டு அரசுகளின் முதலெழுத்துகளும் பாசிக்கு நடுவே தெரியும். ஆனால் நூறு வருடத்துக்கும் மேலாக அந்தக் கல்லை யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. பள்ளிக்கூடமும் சாராயக் கடையும் தூரிங்கியா கரையில், தேவாலயம் பக்கத்திலிருக்கும் பவேரிய ஊரான டோப்பனில். ஊர் ஒன்றாகத்தான் இருந்தது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பவேரியக் கரை அமெரிக்கர்கள் கையிலும் தூரிங்கியா கரை சோவியத் கையிலும் போயின. 1949-இல் இரண்டு ஜெர்மனிகள் உருவானபோது இந்த வாய்க்கால் இரு நாட்டு எல்லையாகிவிட்டது. 1952-இல் கிழக்கு ஜெர்மனி எல்லையை அடைத்தது. எல்லையிலிருந்து 5 கிலோமீட்டர் வரை அனுமதிச் சீட்டு இல்லாமல் யாரும் வரக்கூடாது. நம்பத்தகாதவர்கள் என்று முத்திரை குத்தப்பட்ட எல்லையோரக் குடும்பங்களை வீட்டைவிட்டுக் கிளப்பி உள்நாட்டுக்கு அனுப்பினார்கள். முதலில் மரவேலி, பிறகு முள்கம்பி, 1966-இல் கான்கிரீட் சுவர். 700 மீட்டர் நீளம், ஆள் உயரத்தைப் போல இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் குறைவு. அமெரிக்கப் படையினர் இந்த ஊரை ‘குட்டி பெர்லின்’ என்றே அழைத்தார்கள். 1973-இல் ஒருவர் வண்டியைச் சுவரோரம் நிறுத்தி, ஏணி வைத்து ஏறித் தப்பினார். அமெரிக்கத் துணை அதிபராக இருந்த ஜார்ஜ் புஷ் 1983-இல் வந்து பார்த்துவிட்டுப் போனார்.

என்னை முதன்முதலில் அங்கே கூட்டிப் போனது என் வீட்டுக்காரப் பாட்டி. சுவரில் சுமார் 100 மீட்டரை இடிக்காமல் விட்டு, சுற்றிலும் அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். காவல் கோபுரமும் இருக்கிறது. பாட்டி அங்கே நின்று, “மேற்கே நின்று நாங்கள் கையசைப்போம். அவர்கள் திருப்பி அசைக்கக் கூடாது, தடை” என்றார். முப்பது அடி தூரத்தில் சொந்தக்காரர் நிற்கிறார், பார்க்காத மாதிரி போக வேண்டும். அவர் அதைச் சொல்லிவிட்டுக் கோட்டுப் பையிலிருந்து கையை வெளியே எடுக்காமலே நின்றார். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

இங்கே வயதானவர்கள் சட்டென்று பழக மாட்டார்கள் என்று நாம் அடிக்கடி வருத்தப்படுகிறோம். யார் எதைப் போய் எங்கே சொல்வார்கள் என்று பயந்தே அந்தப் பக்கத்தில் ஒரு தலைமுறை வாழ்ந்திருக்கிறது. அதைத் தெரிந்துகொண்ட பிறகு நான் அவசரப்படுவதை விட்டுவிட்டேன்.

பெர்லின் சுவர் திறந்து சரியாக ஒரு மாதம் கழித்து, 1989 டிசம்பர் 9 அன்று இங்கே நடந்து கடக்க வழி திறந்தார்கள். 1990 ஜூன் 17-இல் புல்டோசர் வந்து சுவரை இடித்தது. நாடு ஒன்றானது, ஆனால் மாநில எல்லை அப்படியே ஓடையில் நிற்கிறது. புதிதாக வந்தவர்கள் கவனிக்க வேண்டியது இதைத்தான்: இங்கே அன்றாட வாழ்க்கையை நிர்ணயிப்பதில் பாதிக்கு மேல் மாநிலம்தான். இந்த ஐம்பது பேருக்குள்ளேயே இரண்டு மேயர், இரண்டு பின்கோடு, இரண்டு தொலைபேசிக் குறியீடு, இரண்டு வண்டி நம்பர் பலகை. ஒரு கரையில் ‘க்ரூஸ் காட்’ என்று வணக்கம் சொல்வார்கள், மறுகரையில் ‘கூட்டன் டாக்’.

விடுமுறையைப் பாருங்கள். ஜனவரி 6-உம் நவம்பர் 1-உம் பவேரியாவில் விடுமுறை, தூரிங்கியாவில் இல்லை. அங்கே செப்டம்பர் 20-உம் அக்டோபர் 31-உம் விடுமுறை, இங்கே கிடையாது. வாடகை குறைவு என்று தூரிங்கியா கரையில் கெஃபெல் பக்கம் வீடு எடுத்து, ஹோஃபில் வேலை பார்ப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்: உங்கள் விடுமுறை வேலை பார்க்கும் இடத்தைப் பொறுத்தது, பிள்ளையின் விடுமுறை பள்ளி இருக்கும் மாநிலத்தைப் பொறுத்தது. பவேரியாவில் கோடை விடுமுறை ஜூலை கடைசியிலோ ஆகஸ்ட் தொடக்கத்திலோ தொடங்கி செப்டம்பர் நடு வரை போகும், தூரிங்கியாவில் வருடத்துக்கு வருடம் மாறும். ஊருக்கு டிக்கெட் போடும் முன் இரண்டு காலண்டரையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நான் பார்க்காமல் போட்டு, பள்ளி திறந்த பிறகு மகளுக்கு ஒரு வாரம் லீவு கேட்டு அலைய வேண்டியதாயிற்று. இங்கே அது லேசில் கிடைக்காது. கடைகளும் அப்படித்தான். பவேரியாவில் இரவு எட்டு மணிக்கு அடைத்துவிடுவார்கள், தூரிங்கியாவில் வார நாட்களில் அதற்கு மேலும் திறந்து வைக்கச் சட்டம் இடம் தருகிறது.

அப்புறம், கிராமத்தில் குடியிருப்பவர்களுக்கு. தெருவில் யாரைப் பார்த்தாலும் நீங்களே முதலில் வணக்கம் சொல்லுங்கள், எந்தக் கரையோ அந்தக் கரை வணக்கம். ஞாயிற்றுக்கிழமை புல்வெட்டும் மிஷினோ துளைபோடும் மிஷினோ ஓட்டாதீர்கள். ஊரில் தன்னார்வத் தீயணைப்புப் படை கட்டாயம் இருக்கும். அவர்கள் விழா நடத்தும்போது போய் மேசை நாற்காலி தூக்கிப் போடுங்கள். பவேரியாவின் வடபகுதியான பிராங்கோனியாப் பக்கம் ஊர்த் திருவிழாவைக் ‘கெர்வா’ என்பார்கள், அதற்கும் போங்கள். ஜெர்மன் சரியாக வராவிட்டாலும் பரவாயில்லை, நாற்காலி தூக்கினவரை யாரும் மறக்க மாட்டார்கள்.

மோட்லராய்ட்டுக்குப் பேருந்தை நம்பிப் போகாதீர்கள், கார் வைத்திருப்பவர்களோடு சேர்ந்து போங்கள். நம் ஊர் லைசென்ஸ் குடிவந்து 6 மாதம்தான் செல்லும் என்பதையும் மறக்க வேண்டாம். அங்கே போனால் அருங்காட்சியகத்தோடு திரும்பிவிடாமல், ஓடையோரம் இறங்கி அந்த எல்லைக் கல்லைத் தேடிப் பாருங்கள்.